குரங்கு நிறுத்திய சங்கிலியை நாங்கள் முறையாக நிறுத்திய கதை

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உப மின்நிலையத்துக்குள் ஒரு குரங்கு புகுந்ததில் இலங்கை முழுவதும் கரண்ட் போனது நினைவிருக்கும். திருகோணமலையிலும் போனது. பிறகு வந்தது. கடையில் லைட், ஃபேன், ரவுட்டர் எல்லாம் எழும்பின. மேசைக்கு அடியில் கிடந்த ஒரு சின்னப் பெட்டி மட்டும் எழும்பவில்லை. அதை நான் கண்டது 18ஆம் திகதி காலை, கூட்டும்போது. அந்த 9 நாளும், ஊருக்குள் உழைப்பைக் கைமாற்ற நாங்கள் ஓட்டிய பிளாக்செயின் வலையமைப்பு ஒரு அங்குலம் அசையாமல் நின்றிருக்கிறது. 43 உறுப்பினர்களில் ஒருவர்கூட "ஏன் தம்பி வேலை செய்யுதில்லை?" என்று கேட்கவில்லை.

மூடுவதென்று கூட்டம் வைத்து முடிவெடுத்தது மே மாதம், வெசாக் விடுமுறையில். என் மனதில் அது அந்தக் காலையிலேயே முடிந்துவிட்டது.

முதலில், எதை மூடினோம் என்று சொல்லிவிடுகிறேன். 2021 மார்ச்சில் தொடங்கினோம். கொரோனாக் காலம். காசு குறைவு, நேரம் அதிகம். வலை பொத்தத் தெரிந்தவர், தைக்கத் தெரிந்தவர், கணக்குப் படிப்பிப்பவர், மோட்டார் சுற்றுபவர் எல்லாரும் ஒரே ஊரில் சும்மா இருந்தார்கள். ஒரு மணித்தியால வேலைக்கு ஒரு புள்ளி என்று வைத்தோம். நான் உங்களுக்கு ஒரு மணித்தியாலம் உழைத்தால் எனக்கு +1, உங்களுக்கு −1. யாரும் −20க்குக் கீழே இறங்க முடியாது. புள்ளியை அச்சடிப்பவர் என்று எவரும் இல்லை. எல்லாருடைய கணக்கையும் கூட்டினால் எந்த நேரமும் பூச்சியம் வர வேண்டும். யோசனை எங்களுடையதில்லை, சுவிட்சர்லாந்தில் 1934இல் தொடங்கிய 'விர்' இந்தப் பரஸ்பரக் கடன் வழியில்தான் வளர்ந்தது, இன்றைக்கு அது ஒரு வங்கி. எங்கள் ஊர்க் கைமாற்று அதற்கும் முந்தியது.

ரூபாயில் வைக்காமல் மணித்தியாலத்தில் வைத்தது நாங்கள் எடுத்த ஒரேயொரு நல்ல முடிவு. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் கிட்டத்தட்ட 70 சதவீதம். ரூபாயில் எழுதிய கடன் பாதியாகிப் போன நேரத்தில் எங்கள் ஒரு மணித்தியாலம் ஒரு மணித்தியாலமாகவே இருந்தது.

பிளாக்செயின் என்பது பல கணினிகள் ஒரே கணக்குக் கொப்பியைப் பக்கம் பக்கமாகச் சங்கிலி போலக் கோத்து வைத்திருப்பது. இதற்கு ஏன் அது என்று கேட்டால், பாதிக் காரணம் ஆசை. எனக்கு அதைச் செய்து பார்க்க வேண்டும் என்று இருந்தது. மீதிப் பாதி நியாயமான காரணம். கிண்ணியா, சாம்பல்தீவு, பழையூற்று, உப்புவெளி, நகரம் என்று ஐந்து இடத்து ஆட்கள். கணக்குக் கொப்பி யாரிடம் இருப்பது என்ற கேள்வி வந்த உடனே எல்லாரும் மற்றவர் முகத்தைப் பார்த்தார்கள். ஐந்து இடத்திலும் ஒரே கொப்பி இருந்தால் ஒருவர் தனியாகப் பக்கம் கிழிக்க முடியாது என்று நான் சொன்னது எடுபட்டது.

ஐந்து ராஸ்பெரி பை 4 பெட்டிகள், அதாவது கையளவுக் கணினிகள். அவற்றில் எத்தேரியம் என்ற பிளாக்செயினுக்கான கெத் மென்பொருள், 'கிளிக்' முறையில். கிளிக் என்பது அனுமதி பெற்ற பெட்டிகள் மாறி மாறிக் கையொப்பமிடும் முறை. பிட்கொயின் போலச் 'சுரங்கம் தோண்டுவது', கரண்ட் தின்பது எதுவும் இல்லை. 15 விநாடிக்கு ஒரு பிளாக், அதாவது கொப்பியில் ஒரு பக்கம். யாரும் எதுவும் அனுப்பாவிட்டாலும் வெறும் பிளாக் வந்துகொண்டே இருக்கும். ஒரு நாளைக்கு 5,760. ஒரு வருடத்துக்கு 21 இலட்சம்.

மூடுவதற்கு முதல் திருத்த வேண்டி வந்தது

நான் நினைத்திருந்தது, ஐந்து பெட்டியின் பிளக்கையும் பிடுங்கினால் முடிந்தது என்று. முதல் வாரத்திலேயே புரிந்தது: ஒழுங்காக நிறுத்த வேண்டும் என்றால் முதலில் அது ஒழுங்காக ஓட வேண்டும்.

கிளிக் முறையில் ஐந்து கையொப்பக்காரர் இருந்தால், ஒருவர் அடுத்தடுத்த மூன்று பிளாக்கில் ஒன்றுக்குத்தான் கையொப்பமிடலாம். தனி ஆள் சங்கிலியைப் பிடித்துக்கொள்ளாமல் இருக்க வைத்த பூட்டு அது. அதன் மறுபக்கம், குறைந்தது மூன்று பெட்டி உயிரோடு இருக்க வேண்டும். எங்களிடம் உயிரோடு இருந்தவை சரியாக மூன்று: என் கடை, பழையூற்று டியூட்டரி, கிண்ணியாவில் நானாவின் ஹார்ட்வெயார் கடை. இந்த மூன்றில் எது படுத்தாலும் மற்ற இரண்டும் ஒவ்வொரு பிளாக் போட்டுவிட்டு "சைன்ட் ரீசென்ட்லி, மஸ்ட் வெய்ட் ஃபார் அதர்ஸ்" என்று லாக்கில் எழுதிவிட்டு உட்கார்ந்துவிடும். இப்போதுதான் கையொப்பமிட்டாய், மற்றவர்கள் வரட்டும் என்கிறது. பெப்ரவரியில் நடந்தது அதுதான். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தபோதும் இதே வரியைப் பக்கம் பக்கமாகப் பார்த்திருக்கிறேன்.

சாம்பல்தீவுப் பெட்டியைத் திறந்தேன். யூஎஸ்பி வாயெல்லாம் பச்சைக் களிம்பு. கடற்காற்றுக்கு முன்னால் எந்தப் பெட்டிக்கும் மூடி போதாது. ஐசோபுரோப்பைல் அல்கஹோலும் பழைய பல்துலக்கியும் போட்டுத் தேய்த்ததில் பெட்டி எழும்பியது. எஸ்டி கார்டு எழும்பவில்லை. சரியாகச் சொன்னால், வாசிக்க விட்டது, எழுத விடவில்லை. தேய்ந்துபோன கார்டுகள் சில இப்படி வாசிப்பு மட்டும் என்ற நிலைக்குப் போய்விடும். 15 விநாடிக்கு ஒரு தரம் எழுதும் வேலைக்கு எஸ்டி கார்டு போட்டது என் பிழை. மற்ற நான்கிலும் பிறகு எஸ்எஸ்டி மாற்றினேன். இதற்கு மட்டும் "அடுத்த மாதம்" என்று மூன்று வருடம் சொன்னேன். வாசிக்க முடிந்தவரைக்கும் புண்ணியம். கையொப்பச் சாவிக் கோப்பைக் கார்டிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

உப்புவெளிப் பெட்டியின் கதை வேறு. வீட்டுக்கார அண்ணர் 2023இல் கட்டாருக்குப் போய்விட்டார். அவருடைய அம்மா பெட்டியைத் துடைத்து, துணியில் சுற்றி, அலுமாரிக்குள் சேலைகளுக்கு அடியில் வைத்திருந்தார். யூபிஎஸ்ஸை மட்டும் வெளியில் வைத்து வைஃபைக்குக் கொடுத்திருந்தார். குறை சொல்ல ஒன்றும் இல்லை.

இந்த இரண்டையும் மறுபடி ஓடவைப்பதைவிட முறைப்படி விலக்குவது நல்லது என்று தீர்மானித்தேன். கிளிக்கில் ஒருவரை விலக்கவும் வாக்கு வேண்டும், பாதிக்கு மேல். ஐந்து பேரில் மூன்று வாக்கு. விலக்கியதும் நான்கு பேர், அடுத்தவரை விலக்கவும் மூன்று வாக்கு. இருந்ததே மூன்று பெட்டி என்பதால் மூன்றும் ஒரே நேரத்தில் எழும்பி நின்று வாக்குப் போட வேண்டும். பழையூற்றில் டியூட்டரி மாஸ்டரும் கிண்ணியாவில் நானாவும் போனில் இருக்க, "கிளிக் டொட் ப்ரொபோஸ்" என்ற கட்டளையை ஒவ்வொரு எழுத்தாக நான் சொல்ல, அவர்கள் அடித்தார்கள். விலக்க வேண்டிய பெட்டியின் சங்கிலி முகவரியை அடிக்கவிடாமல் வாட்ஸப்பில் அனுப்பினேன்; 40 எழுத்தைச் சொல்லி எழுதவைத்தால் பின்னேரம் ஆகிவிடும். மூன்று வாக்கும் ஏறி இரண்டு பெட்டியும் பட்டியலிலிருந்து போக ஐந்து நிமிடம் எடுக்கவில்லை. இப்போது மூன்று கையொப்பக்காரர், அதில் இரண்டு இருந்தால் போதும். நான்கு வருடத்தில் சங்கிலி மிக உறுதியாக நின்றது அந்தக் கடைசி மூன்று மாதத்தில்தான்.

"எங்கட பொட்டி நல்லாத்தானே ஓடுது தம்பி, ஏன் மூடுறீங்க?" என்று நானா கேட்டார். அவரிடம் நேரே சொன்னேன். கெத் 1.14 பதிப்போடு, 2024இல், இந்த மாதிரிப் பழைய முறை வலையமைப்புகளை ஓட்டும் வசதியை எடுத்துவிட்டார்கள். நாங்கள் 1.13.15இல் தேங்கி நிற்கிறோம். இனி ஓட்டை வந்தால் அடைக்க ஆளில்லை. இதெல்லாம் விளங்குகிற ஆள் நான் ஒருவன், எனக்கு ஒரு காய்ச்சல் வந்தால் 43 பேரின் கணக்கும் காய்ச்சலில் படுக்கும். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப சரி, கணக்கைத் தீர்த்திட்டு மூடுவம்" என்றார். அவர் சொன்ன வரிசைதான் கடைசிவரை வேலைத்திட்டமாக இருந்தது.

அறிவித்தல்

ரிங்கெபி என்று எத்தேரியத்துக்கு ஒரு சோதனை வலையமைப்பு இருந்தது. அதுவும் கிளிக்தான். அதை மூடப்போவதாக 2022 ஜூனில் அறிவித்து, ஏறத்தாழ ஒரு வருடம் அவகாசம் விட்டார்கள். அதில் இருந்ததோ பெறுமதியில்லாத சோதனைக் காசு. எங்களிடம் இருந்தது ஆட்களின் உழைப்பு. ஆகவே மூன்று மாதமாவது கொடுப்பது என்று, ஜூன் 1 அறிவித்தல், ஓகஸ்ட் 31 நிறுத்தம் என வைத்தோம். தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பக்கத் தாள். வாட்ஸப்பில் போட்டால் காலை வணக்கப் படங்களுக்கு நடுவில் காணாமல் போய்விடும் என்பதால் ஆளுக்கு ஆள் கையில் கொடுத்தோம்.

அந்தத் தாளில் இரண்டு விஷயத்தைப் பெரிய எழுத்தில் போட்டேன். ஒன்று, யாராவது பொறுப்பெடுத்து ஓட்ட விரும்பினால் ஜூன் முடிவதற்குள் வரலாம், எல்லாவற்றையும் ஒப்படைப்பேன் என்பது. இருவர் வந்தார்கள். மாதாந்தம் செய்யும் வேலைகளை எழுதிக் கொடுத்தேன். இருவரும் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்கள். இரண்டாவது: புள்ளிக்குக் காசு தருகிறோம், உங்கள் கணக்கைத் திறக்கும் 12 இரகசியச் சொற்களை அனுப்புங்கள் என்று எவர் கேட்டாலும் கொடுக்க வேண்டாம், நான் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். மூடும் காலம்தான் ஏமாற்றுக்காரருக்கு வாய்ப்பான காலம். அதே காரணத்துக்காக எங்கள் செயலி போய்த் தட்டும் இணைய முகவரியை இன்னும் ஒரு வருடத்துக்குப் பணம் கட்டி வைத்திருக்கிறேன். விட்டால் வேறு யாராவது வாங்கி, அதே பெயரில் ஒரு பக்கம் போட்டுச் சொற்களைக் கேட்க எவ்வளவு நேரம்?

பூச்சியம் வராத கூட்டல்

ஜூலை முதல் வாரம், ஒத்திகைக்கு ஒரு கணக்கெடுப்பு. ஒரு குறிப்பிட்ட பிளாக்கில் எல்லாருடைய மீதியையும் வாசித்துக் கூட்ட வேண்டும், விடை பூச்சியம். ஸ்கிரிப்டை ஓட்டினேன். முதல் வரியிலேயே என் கணக்கில் 115792 என்று தொடங்கி 78 இலக்கம் நீளத்துக்கு ஒரு எண். உலகத்து உழைப்பெல்லாம் எனக்கு வரவேண்டியிருக்கிறது!

சிரித்து முடித்த பிறகு பார்த்தால், எனக்கு இருந்தது −4. ஒப்பந்த நிரலில், அதாவது சங்கிலிக்குள் புள்ளிக் கணக்கை நடத்தும் நிரலில், மீதியைக் குறி உள்ள எண்ணாக வைத்திருந்தேன். ஸ்கிரிப்டில் அதைக் குறி இல்லாத எண்ணாக வாசித்துவிட்டேன். 256 பிட்டில் −4 என்பதை அப்படி வாசித்தால் 2இன் 256ஆம் அடுக்கிலிருந்து 4 குறைந்த எண் வரும். ஒரு சொல்லை மாற்றியதும் எல்லாரும் மனிதராகிவிட்டோம்.

ஆனாலும் கூட்டுத்தொகை பூச்சியம் வரவில்லை. +6. இரண்டு நாள் இதற்குப் போனது. என் உறுப்பினர் பட்டியலில் 43 முகவரி, சங்கிலியிலோ 44. ஒருவர் 2022இல் போனைத் தொலைத்துவிட்டுப் புதிய போனில் புதிய முகவரியோடு சேர்ந்திருக்கிறார். பழையதில் −6 அப்படியே கிடக்கிறது. பட்டியலை வைத்துக் கூட்டாமல், முதல் பிளாக்கிலிருந்து நடந்த ஒவ்வொரு கைமாற்றத்தின் பதிவையும் எடுத்து, அதில் வந்த முகவரிகளை வைத்துக் கூட்டியபோதுதான் ஆள் பிடிபட்டார். இதை யாராவது செய்யப்போனால், பட்டியலை நம்ப வேண்டாம், பதிவிலிருந்து முகவரியை எடுங்கள். அவரிடம் சொன்னபோது, "அட, அது நான் மறந்தே போனன்" என்றார். மறந்தாரா இல்லையா என்பது கோணேசருக்கு வெளிச்சம். ஒத்துக்கொண்டார், அது போதும்.

வீடு வீடாக

ஆளுக்கு ஒரு துண்டு அச்சடித்தேன். பெயர், மீதி, கடைசிப் பத்துக் கொடுக்கல் வாங்கல். ஜூலை முழுக்கப் பின்னேரங்களில் இதுதான் வேலை. 38 பேர் பார்த்தவுடன் சரி என்றார்கள். மிச்சம் ஐந்து பேரிடம்தான் நான் இந்த வலையமைப்பைப் பற்றி உண்மையில் படித்தேன்.

சாம்பல்தீவில் ஒரு அக்கா தையல் வேலை செய்பவர். சங்கிலி +3 என்கிறது. அவர் துண்டைப் பார்த்துவிட்டு உள்ளே போய் 2022ஆம் ஆண்டு நாட்காட்டித் தாள்களை ஒரு கட்டாகக் கொண்டுவந்தார். நாள் கிழிக்கும் தாள்களின் பின்பக்கத்தில் பென்சிலால் ஒவ்வொன்றும் எழுதியிருக்கிறது.

"தம்பி, உன்ர மெஷின் பொய் சொல்லுது. எனக்கு ஐஞ்சு."

மாற்ற முடியாதது, அழிக்க முடியாதது என்று நான் நான்கு வருடம் சொல்லிக்கொண்டிருந்த ஒன்றை, கிழித்த காலண்டர் தாள் ஒன்று எதிர்த்து நிற்கிறது. சங்கிலியில் தேடினேன், அந்த இரண்டு மணித்தியாலம் எங்கேயும் இல்லை. பிறகு அந்தத் திகதியைப் பார்த்தேன். 2022 ஏப்ரல், மின்வெட்டு நேரம். புள்ளி அனுப்பியவரின் பழைய போனைக் கேட்டு வாங்கிச் செயலியைத் திறந்தால், இரண்டு கொடுப்பனவுக்கும் நேரே பச்சைச் சரி. போன் அனுப்பியிருக்கிறது, வாங்க வேண்டிய பெட்டி அப்போது இருட்டில் கிடந்திருக்கிறது. செயலியை எழுதிய பிரகிருதி நான்தான். அனுப்பியதும் பச்சைச் சரி காட்டும்படி எழுதியிருந்தேன். பிளாக்கில் ஏறிய பிறகு காட்டும்படி எழுதியிருக்க வேண்டும். சங்கிலி பொய் சொல்லவில்லை, அதற்கு அந்தச் செய்தி வந்து சேரவே இல்லை. அக்காவும் பொய் சொல்லவில்லை. பொய் சொன்னது இடையில் இருந்த என் பச்சை அடையாளம்.

அனுப்பியவர் மறுபடி இரண்டு புள்ளி அனுப்பினார். ஒத்திகைக் கணக்கெடுப்பை, கணக்கை உறைய வைப்பதற்கு முதல் செய்ததன் பயன் இதுதான். உறைந்த பிறகு போய்க் கேட்டிருந்தால், அக்காவிடம் "மன்னிக்கவும், முடிந்துவிட்டது" என்று சொல்லியிருப்பேன். அவர் என்னைத் தையல் மெஷினில் வைத்து அடித்திருப்பார், நியாயமாக.

இன்னொரு வீடு. கடலுக்குப் போகும் ஐயா ஒருவர் போன வருடம் காலமாகிவிட்டார். அவருக்கு +11. போன் கைரேகைப் பூட்டில் கிடக்கிறது, 12 சொல் எங்கே என்று யாருக்கும் தெரியாது. சங்கிலியின் கணக்கில் அந்த 11 புள்ளியை இனி எவராலும் அசைக்க முடியாது. மகனுக்கு இதில் அக்கறையில்லை. "விடுங்கோ அண்ண" என்றார். அம்மா மட்டும், "அவர் வேலை செய்தது உண்மைதானே?" என்று கேட்டார். உண்மைதான். அவர் ஆறு பேரின் வலை பொத்தியிருக்கிறார். ஆண்டுத் திவசம் வருகிறது, சமையலுக்கு ஆள் வேண்டும் என்றார் அம்மா. கணக்கில் கடன் இருந்த நான்கு பேர் விடியக்காலை போய் மரக்கறி வெட்டி, சோறு வடித்து, பந்தி பரிமாறி, பாத்திரம் கழுவினார்கள். 11 மணித்தியாலத்துக்குச் சற்று மேலேயே வந்தது. யாரும் எண்ணவில்லை. நான் எண்ணினேன், பழக்கதோஷம்.

உறையவைத்தல், நிறுத்தல்

ஓகஸ்ட் 24, ஞாயிறு. இனிப் புதிய கொடுக்கல் வாங்கல் இல்லை. இங்கே இன்னொரு பழைய பிழை வந்து நின்றது. ஒப்பந்த நிரலில் 'நிறுத்து' என்று ஒரு வசதியே நான் வைக்கவில்லை. தொடங்கும்போது யாருக்கு முடிவைப் பற்றி யோசனை? நிரலை மாற்ற முடியாது. கடைசியில் பின்வழியாகப் போனேன். ஒவ்வொரு கொடுப்பனவுக்கும் பெயரளவில் ஒரு கட்டணம் உண்டு, அதற்கான பெறுமதியில்லாத நாணயத்தை நாங்களே எல்லாருக்கும் கொஞ்சம் போட்டுவைப்போம். மூன்று கையொப்பப் பெட்டியிலும், ஏற்றுக்கொள்ளும் ஆகக்குறைந்த கட்டணத்தை எவராலும் கட்ட முடியாத உயரத்துக்கு ஏற்றிவிட்டேன். பெட்டிகள் வெறும் பிளாக் போட்டுக்கொண்டிருந்தன, எதையும் உள்ளே விடவில்லை. அழகான தீர்வு இல்லை. ஆனால் மூவரும் சம்மதித்து மூவரும் மாற்றினால்தான் நடக்கும் என்பது பிடித்திருந்தது.

அந்த ஒரு வாரம் வேண்டுமென்றே விட்டது. உறைந்த கணக்கை எல்லாரும் ஒரு தரம் பார்த்துக் கையொப்பமிட. கூட்டுத்தொகை இம்முறை பூச்சியம்.

31ஆம் திகதி பின்னேரம் கடையில் பத்துப் பன்னிரண்டு பேர். 8,100,000ஆவது பிளாக்கில் நிறுத்துவது என்று ஒரு ஆசை. பிளாக் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்து உரிய நேரத்தில் கையொப்பமிடுவதை நிறுத்தும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் மூன்றிலும் போட்டிருந்தேன். ஒரு நாளும் தடங்கலின்றி ஓடியிருந்தால் எண் 93 இலட்சத்தைத் தாண்டியிருக்கும். மின்வெட்டும் களிம்பும் குரங்கும் சாப்பிட்டது போக இவ்வளவு. எல்லாரும் புதுவருடத்துக்கு எண்ணுவது போல எண்ணினார்கள். பழையூற்றுப் பெட்டியின் ஸ்கிரிப்ட் ஒரு மூச்சுப் பிந்திவிட்டது. 8,100,001.

நானாவின் பெட்டி 8,100,000இல் நிற்கிறது, மற்ற இரண்டும் 8,100,001இல். கையொப்பத்தை நிறுத்திவிட்டு வலையமைப்புத் தொடர்பை மட்டும் விட்டுவைத்தேன். ஒரு நிமிடத்தில் கிண்ணியாவும் அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டது. மூன்றிலும் ஒரே கடைசி ஹாஷ், அதாவது பிளாக்கின் கைரேகை போன்ற எழுத்து வரிசை, வந்ததைப் பார்த்த பிறகே ஒவ்வொன்றாக அணைத்தோம். பெட்டியை இழுத்து அணைத்தால் கெத்தின் தரவுத்தளம் கோணும். அது தானாக மூடி முடிக்கும்வரை பொறுக்க வேண்டும்.

அந்த ஹாஷ் 64 எழுத்து. அச்சடித்து, கூட்ட அறிக்கைக் கொப்பியில் ஒட்டி, தாளிலும் கொப்பியிலும் பாதிப்பாதி விழும்படி ஐந்து பேர் கையொப்பமிட்டோம். டியூட்டரி மாஸ்டர் திரையைப் பார்த்து உரக்க வாசிக்க, ஒரு பெடியன் கொப்பியில் விரல் வைத்துச் சரிபார்த்தான். 'பி'யா 'டி'யா என்று இரண்டு இடத்தில் சண்டை வந்தது.

வைத்திருப்பதும் அழிப்பதும்

முழுச் சங்கிலியையும் ஒரு கோப்பாக ஏற்றுமதி செய்து, அதைப் பழைய மடிக்கணினி ஒன்றில் முதலிலிருந்து இறக்கிப் பார்த்தேன். திறந்து பார்க்காத பிரதி பிரதி இல்லை என்பது கடையில் படித்த பாடம். தரவு மீட்கச் சொல்லி வருகிறவர்கள் முக்கால்வாசிப்பேரும் "பேக்கப் இருக்கு" என்று சொல்லிக்கொண்டுதான் வருவார்கள். எதிர்பார்த்தது போலவே முதல் முயற்சி தோல்வி. சங்கிலியின் தொடக்கத்தைச் சொல்லும் ஜெனிசிஸ் கோப்பு என்னிடம் இருந்தது உண்மையானது இல்லை. 2021இல் முதலில் மூன்று பெட்டியோடு ஒரு தரம் தொடங்கி, அழித்துவிட்டு ஐந்தோடு மறுபடி தொடங்கியிருந்தோம். தொடக்கக் கையொப்பக்காரர்களின் முகவரி அந்தக் கோப்புக்குள்ளேயே இருப்பதால் முதல் பிளாக்கே வேறாகிவிடும், பிறகு ஒன்றும் ஒட்டாது. நல்ல காலம், பெட்டிகளை இன்னும் துடைக்கவில்லை. கெத்தில் "டம்ப்ஜெனிசிஸ்" என்று ஒரு கட்டளை உண்டு. கடைப் பெட்டியிலிருந்து சரியான கோப்பை எடுத்தேன். மடிக்கணினி இரவு பகலாக ஓடிக் கடைசியில் அதே 64 எழுத்தைக் காட்டியது. ஒப்பந்த நிரல், அதைத் தொகுத்த பதிப்பு எண், கெத் 1.13.15 எல்லாம் அந்தப் பிரதியோடு சேர்த்து வைத்தாயிற்று.

ஆனால் எவ்வளவு காலத்துக்கு வைத்திருப்பது? புள்ளி அனுப்பும்போது ஒரு குறிப்பு எழுதலாம் என்று வைத்திருந்தோம். வாசித்துப் பார்த்தால், "அம்மாவை ஆஸ்பத்திரிக்கு", இன்ன வருத்தத்துக்கு மருந்து எடுத்தது, யாரோ ஒருவரின் போன் நம்பர். ஐந்து வீட்டில் ஐந்து பிரதி. 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்தச் சின்ன வட்டத்துக்கு எவ்வளவு பொருந்தும் என்று வழக்கறிஞர்கள் வாதிடட்டும். அந்தக் குறிப்புகள் என் அலுமாரியில் கிடக்கக் கூடாது என்று தெரிய எனக்குச் சட்டம் தேவைப்படவில்லை. ஒன்றோடொன்று கட்டிய சங்கிலியில் ஒரு வரியை மட்டும் அழிக்க முடியாது, அழித்தால் ஹாஷ் உடையும். எனவே இரண்டாகப் பிரித்தோம். குறிப்புகள் இல்லாத கணக்குப் பட்டியல் கொப்பியோடு நிரந்தரமாக இருக்கும். முழுப் பிரதி கடவுச்சொல் போட்டு இரண்டு பென்டிரைவில், ஒட்டிய உறைக்குள், ஒன்று நானாவிடம், ஒன்று மாஸ்டரிடம். 2026 ஓகஸ்ட் 31இல் இரண்டும் சுத்தியலுக்குப் போகும். அதற்குள் வழக்கிருந்தால் வரலாம்.

வயதான 14 பேரின் சாவிகள் என் மடிக்கணினியில் இருந்தன. அவர்களுக்குப் போனில் வராது என்று நானே வைத்திருந்தேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒருவரையும் நம்பத் தேவையில்லை என்று சொல்லி உருவாக்கியதில் மூன்றில் ஒரு பங்கு என்னை நம்பித்தான் ஓடியிருக்கிறது. அழித்தேன். எஸ்எஸ்டிகளை முழுதாக அழிக்கும் கட்டளை கொடுத்துத் துடைத்தேன். சாம்பல்தீவு எஸ்டி கார்டு எழுத விடாது, ஆகவே அழிக்கவும் விடாது. அதை அம்மியில் வைத்துக் குழவியால் முடித்தேன்.

தீர்வை

கடைசிக் கணக்கின்படி மேலே இருந்தவர்களுக்கு மொத்தம் 87 மணித்தியாலம் வர வேண்டும், கீழே இருந்தவர்கள் அதே 87ஐக் கொடுக்க வேண்டும். அதிகக் கடன்காரரை அதிகம் வரவேண்டியவரோடு பொருத்திக்கொண்டே போகும் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். கணிதத்தில் குறையில்லை. ஆனால் அது உப்புவெளி ஆளைக் கிண்ணியாவில் புல்லு வெட்ட அனுப்பியது, தையல்காரருக்கு மோட்டார் மெக்கானிக்கைக் கொடுத்தது. 2009இல் கட்டிய 396 மீற்றர்ப் பாலம் இருப்பதால் கிண்ணியாவுக்குப் போவது இப்போது கஷ்டமில்லைதான், முன்னரென்றால் படகுப் பாதையில் காத்துக்கிடக்க வேண்டும். என்றாலும் ஒரு மணித்தியால வேலைக்குச் சீனக்குடாவைச் சுற்றிப் போய்வருவது யாருக்குச் சரிவரும்? ஸ்கிரிப்டை மூடிவிட்டு நானும் மாஸ்டரும் மேசையில் துண்டுகளைப் பரப்பி, சீட்டு விளையாடுவது போல நகர்த்தி நகர்த்திப் பொருத்தினோம்.

காசாக மாற்றிவிடலாமே என்று சிலர் கேட்டார்கள். ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு மணித்தியாலத்துக்கு என்ன விலை? யார் தீர்மானிப்பது? அந்த நிமிடமே இது கூலியாகி, புள்ளி நாணயமாகி, மத்திய வங்கி எச்சரிக்கை விடுகிற சாமான்களோடு சேர்ந்துவிடும். கட்டாரில் இருக்கும் அண்ணருக்கு −7. தம்பியை அனுப்பினார். தம்பி ஏழு மணித்தியாலமும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வேலி அடைத்தான், ஆனால் நேர்த்தியாக அடைத்தான்.

டிசம்பர் 31வரை தவணை. வாடைக்காற்று தொடங்கி வள்ளங்களைக் கரையேற்றியதும் கடற்காரருக்கு நேரம் கிடைக்கும், வலை பொத்தும் வேலையும் அப்போதுதான் வரும். இதை எழுதும் ஒக்டோபர் நடுவில் 87இல் 61 தீர்ந்திருக்கிறது. ஒவ்வொன்றும் முடிந்ததும் கொப்பியில் இருவரும் கையொப்பமிடுகிறார்கள். கொப்பி நானாவின் கடையில், ஆணிப் பெட்டிகளுக்குப் பக்கத்தில். யாரிடம் இருப்பது என்று இம்முறை ஒருவரும் கேட்கவில்லை.

பெட்டிகளில் ஒன்று பழையூற்றில் பிள்ளைகளுக்குப் பைத்தன் படிப்பிக்கிறது. ஒன்று என் வீட்டுத் தண்ணீர் மோட்டாரை நேரத்துக்குப் போட்டு நிறுத்துகிறது. யூபிஎஸ் பற்றறிகள் பழைய பற்றறி வாங்குபவரிடம் போயின, ஒன்றைத் தவிர. உப்புவெளி அம்மா தரமாட்டேன் என்றுவிட்டார், கரண்ட் போனால் மகனோடு கதைப்பது எப்படி என்று கேட்கிறார்.

என்னுடைய −4இல் இரண்டு முடிந்தது. மிச்சம் இரண்டு நானாவுக்கு. அவருடைய மகளுக்கு ஓ.எல். கணிதம், இருபடிச் சமன்பாடு. ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு வரச்சொல்லியிருக்கிறார்.